முதல் துப்பாக்கி

திருமுருகன்பூண்டிக்குப் போனவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் மணியோடும் சுந்தரமூர்த்தி நாயனார் அந்த வழியே வந்தார். வில்லும் அம்புமாக வேடர்கள் வழிமறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். வந்தவர்கள் வேடர்கள் அல்ல, சிவபெருமானின் பூதகணங்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. சுந்தரர் கோயிலுக்குப் போய் இறைவனிடமே வழக்காடிப் பாடினார். பறிபோன பொருள் திரும்பி வந்தது.

சுந்தரருக்குப் பாட்டு இருந்தது. அதே ஊரில் குடியிருக்கும் என் அக்காவின் கணவருக்கு அது வராது. ஆகவே அவர் ஒரு துப்பாக்கி வாங்குவது என்று தீர்மானித்துவிட்டார்.

சென்ற மாதம் போயிருந்தபோது, காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் பளபளவென்று ஒரு கைத்துப்பாக்கி.

"எப்படி இருக்குதுங்க மாப்ளே? பாயிண்ட் 22. சின்னத் தோட்டாதான். புள்ளை சுட்டுப் பழகலாம். சனிக்கிழமை சம்பளப் பணம் எடுத்துட்டு வரும்போது நானும் இடுப்பிலே வெச்சுக்கலாம். ஒரே கல்லிலே ரெண்டு மாங்காய்!"

புள்ளை என்றது அவருடைய மகளை. வயது 18. கல்லூரியில் என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைபிள் சுட்டிருக்கிறாள். இப்போது பிஸ்டல் பழகவேண்டும் என்று ஆசை. பனியன் கம்பெனியில் அல்லும் பகலும் உழைத்துச் சேர்த்த பணம். மகள் கேட்டாள் என்றதும் தகப்பனார் எடுத்து நீட்டத் தயாராகிவிட்டார். வீட்டில் இன்னொரு பிரஜையும் உண்டு. எட்டு வயதுப் பையன். பூட்டிய பீரோவின் சாவி எங்கே இருக்கிறது என்பது அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு மகனோ மகளோ இந்த ஆசையைத் தெரிவித்திருக்கலாம். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்ஸில் விஜய்குமார் வெள்ளி வாங்கினாரே, அது பாயிண்ட் 22 பிஸ்டலால்தான். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது முதல் ஊருக்கு ஊர் இந்த ஆசை முளைத்திருக்கிறது. ஆகையால் மச்சானுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சின்னத் தோட்டாவைப் பார்ப்போம். அதன் குறுக்களவு சுமார் 5.6 மில்லிமீட்டர். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவே இருக்கும். இதில் அடிவிளிம்பைச் சுற்றி உள்ளே பூசியிருக்கும். விளிம்பில் ஓர் அடி விழுந்தால் வெடிக்கும். 1887 முதல் இருந்துவரும் பழைய சரக்கு. விலை மலிவு, சத்தம் குறைவு, கையைப் பின்னுக்குத் தள்ளும் உதையும் சொற்பம். பழகுகிறவர்களுக்கு முக்கியமான விரோதி பயம். 'இதோ வெடிக்கப்போகிறது' என்று மனம் திடுக்கிட்டால் கையும் திடுக்கிடும், குறியும் தப்பும். சின்னத் தோட்டா அந்தப் பயத்தைப் போக்குகிறது. அதற்காக அதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிடாதீர்கள். தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் காயப்படுத்தும்.

அடுத்து, அந்த இரண்டு மாங்காய். இடுப்பில் செருகிக்கொள்ளும் துப்பாக்கிக்குக் குழல் குட்டையாக இருக்கவேண்டும், எடை குறைவாக இருக்கவேண்டும். குறி பார்த்துப் பழகும் துப்பாக்கியோ நீளமும் கனமுமாக, மரப்பிடி கையைக் கவ்விக்கொள்ளும்படி இருக்கும். இதை இடுப்பில் செருகினால் உட்கார முடியாது. அதை வைத்துக்கொண்டு குறி பழக முடியாது. இரண்டுக்கும் ஒன்று என்று வாங்கினால் இரண்டுக்கும் உதவாது.

மூன்றாவது சட்டம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, பாயிண்ட் 22 ஆனாலும் லைசென்ஸ் வேண்டும். இடத்திற்கு ஏற்பக் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கொடுக்கவேண்டும். எதற்காக என்று காரணம் கேட்பார்கள்; போலீஸ் விசாரணை உண்டு. சொந்த லைசென்ஸ் பெற 21 வயது நிறைந்திருக்கவேண்டும். அதற்குக் குறைந்தவர்கள் சங்கத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில் பழகுவதற்கு விதிகளில் தனி வழி இருக்கிறது. மச்சான் காட்டிய படத்தில் இருந்தது அயல்நாட்டுச் சரக்கு. அதைச் சாதாரண ஜனங்கள் வரவழைத்துக்கொள்ளும் வழி 1980-களிலேயே அடைபட்டுவிட்டது. போட்டிகளில் தேர்ந்து பெயர் வாங்கியவர்களுக்குத்தான் அந்தச் சலுகை.

"அப்போ ஆசையை மூட்டை கட்டி வெக்கச் சொல்றீங்களா?" என்று மச்சான் முகம் சுண்டிப் போயிற்று.

இல்லை. ஆரம்பிக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறேன், அவ்வளவுதான். முதல் துப்பாக்கி காற்றுத் துப்பாக்கியாக இருக்கட்டும். 4.5 மில்லிமீட்டர் ரவை, வெடிமருந்து கிடையாது. 20 ஜூல் சக்திக்கு உட்பட்டதற்கு 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. வாங்குகிறவரின் அடையாளத்தைக் கடைக்காரர் குறித்துக்கொள்வார். போட்டிக்கான காற்றுப் பிஸ்டல் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். எளிதென்று நினைக்கவேண்டாம். பத்து மீட்டர் தூரத்தில், நடுப் புள்ளியான 'பத்து' 11.5 மில்லிமீட்டர்தான். உங்கள் சட்டைப் பொத்தான் அளவு! 25 மீட்டரில் பாயிண்ட் 22 பிஸ்டலால் நிதானமாகச் சுடும் அட்டையில் அந்தப் 'பத்து' 50 மில்லிமீட்டர். பொத்தானை அடிக்கப் பழகிய கைக்கு அது பெரிய காரியமல்ல.

அதையும் உடனே வாங்கவேண்டாம். கோயமுத்தூரில் ரைபிள் கிளப் இருக்கிறது. பஸ்ஸில் போய்வரும் தூரம். இப்படிப்பட்ட சங்கத்தில் சேர்ந்து, அங்குள்ள பயிற்சியாளரைக் கேட்டு, நாலைந்து துப்பாக்கிகளைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பணப்பையைத் திறக்கவேண்டும்.

பிடித்துப் பார்க்கும்போது என்ன பார்ப்பது? திருமுருகன்பூண்டிச் சாலையோரத்துச் சிற்பப் பட்டறையில் ஒரு பெரியவரிடம், நல்ல உளி எது என்று கேட்டேன். "கைக்குள்ளே இருக்கிறதே தெரியக் கூடாதுங்க" என்றார். துப்பாக்கிக்கும் அதே இலக்கணந்தான். சங்கத்தில், தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டு, குறிப்பலகையை நோக்கி நில்லுங்கள். கண்ணை மூடிக் கையை நீட்டுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். முன்குறியும் பின்குறியும் தாமாகவே ஒரே நேரில் நின்றால் அந்தப் பிடி உங்களுடையது. மணிக்கட்டைத் திருப்பித்தான் நேராக்க வேண்டியிருந்தால் அது வேறு யாருக்கோ செய்தது. பிடியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகள் உண்டு. இடக்கைக்காரருக்குத் தனி.

அப்புறம் விசை. போட்டி விதிப்படி காற்றுப் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் இழுப்பு, 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். கனத்தைவிட, அது தடுக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறதா என்பதே முக்கியம். பின்குறியைத் திருகி மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த முடியவேண்டும். தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பாயிண்ட் 22 பிஸ்டல்களுக்கு நாக்கு ருசி அதிகம். ஒரு கம்பெனித் தோட்டாவை விழுங்கும். இன்னொன்றைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளும். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய தோட்டாவை அது ஏற்கிறதா என்று சுட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. வெறும் அறையோடு விசையை இழுத்துப் பார்ப்பதும் கூடாது. ஊசி நேரே விளிம்பில் மோதித் தேய்ந்துபோகும்.

பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். 2021-ல் டோக்கியோவில், தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் காற்றுப் பிஸ்டல் பழுதாகிப் பல நிமிஷங்கள் வீணாயின. இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து அதே பிரிவில் வெண்கலம் வாங்கினார். எத்தனை உயர்ந்த துப்பாக்கியும் ஒரு நாள் காலை வாரும், பழக்கம் வாராது.

கடைசி விஷயம், அந்த எட்டு வயதுப் பையன். துப்பாக்கி வீட்டுக்கு வரும் நாளில் பீரோ போதாது. அதற்கென்று தனி இரும்புப் பெட்டி, தனிப் பூட்டு. தோட்டா வேறோரிடத்தில், வேறொரு பூட்டில். சாவி உரியவர் உடம்போடு. காற்றுத் துப்பாக்கிக்கும் இதே சட்டந்தான். அந்தச் சின்ன ரவைக்கு ஒரு கண் போதும். இதற்குத் தயாரில்லாதவர் வாங்கவே வேண்டாம். சங்கத்துத் துப்பாக்கியே போதும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "அது வரைக்கும் இவள் வீட்டிலே என்ன பண்றது?" என்றாள்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கிலோ எடை. பிஸ்டலின் எடைக்குக் கிட்டத்தட்டச் சரி. கையை நேராக நீட்டி, நடுங்காமல் 15 எண்ணும் வரை பிடிக்கவேண்டும். தினம் பத்து முறை. செலவு இல்லை, லைசென்ஸ் இல்லை.

மருமகள் பிடித்தாள். பன்னிரண்டு வரை அசையவில்லை. "எனக்குக் குடு கண்ணு" என்று மச்சான் வாங்கிப் பிடித்தார். எட்டு எண்ணுவதற்குள் தண்ணீர் பாட்டிலுக்குள் கும்மாளம் போட ஆரம்பித்துவிட்டது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

நேற்று அக்கா போன் பண்ணினாள். பெண் கிளப்பில் சேர்ந்துவிட்டாளாம். மச்சான் செல்போனிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டாராம். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, கூடத்தில் தனியே நின்றுகொண்டு பாட்டிலைப் பிடித்துப் பார்க்கிறாராம். இப்போது பதினொன்று வரை வந்திருக்கிறாராம்!