கருவுற்ற காலத்தில் முகப்பரு: எம்மருந்து பாதுகாப்பானது, எது ஆபத்தானது?

கருவுற்ற தொடக்க மாதங்களில் இயக்குநீர்களின் மாற்றத்தால் தோலில் எண்ணெய்ச் சுரப்பு மிகுந்து, முகப்பரு தோன்றுவது இயல்பு. பருவினால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கில்லை. அதற்கென உட்கொள்ளும் அல்லது பூசும் சில மருந்துகளாலேயே தீங்கு நேர்கிறது.

சட்டமும் நடைமுறையும்

2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத ‘அட்டவணை எச்’ பட்டியலின்கீழ் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய மருந்துகள் முகமை, ரெட்டினாய்டு மாத்திரைகளை மட்டுமன்றி அவ்வகைக் களிம்புகளையும் கருவுற்றோரும் கருவுறத் திட்டமிடுவோரும் பயன்படுத்தலாகாது என அறிவுறுத்தியது.

எனினும், சட்டம் கடை விற்பனையைத்தான் கட்டுப்படுத்தும்; வீட்டு அலமாரியில் உள்ள களிம்பைக் கட்டுப்படுத்தாது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து தோல் மருத்துவரைக் காண நெடுந்தொலைவு வர வேண்டியுள்ளது. இந்நிலையில், அக்காளோ நாத்தனாரோ பயன்படுத்திய களிம்பை வாங்கிப் பூசுவது எளிதாகத் தோன்றும். மங்குக்குத் தரப்படும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் ட்ரெட்டினாயின், ஹைட்ரோகுயினோன், ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்துள்ளன என்பதை நினைவிற்கொள்க.

தவிர்க்க வேண்டியவை

• ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை: குழந்தையின் இதயம், மூளை, முகம், காது ஆகியவற்றில் கடும் பிறவிக் குறைகளையும் கருச்சிதைவையும் உண்டாக்கக் கூடியது. கருவுற்றிருப்பதைத் தாய் உணரும் முன்னரே இவ்வுறுப்புகள் உருவாகத் தொடங்கிவிடும். ஆகவே, கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே இதை நிறுத்த வேண்டும்.
• ட்ரெட்டினாயின், அடாபலீன், டசரோட்டீன் களிம்புகள்.
• டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் மாத்திரைகள்: நான்காம் மாதத்திற்குப் பின் உட்கொண்டால் குழந்தையின் பற்கள் நிரந்தரமாக நிறம் மாறக்கூடும். குடிநீரில் உள்ள ஃபுளோரைடால் பற்களில் கறை படிவதை அறிந்த தருமபுரி மாவட்ட மக்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது கடினமன்று.
• ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை, ஹைட்ரோகுயினோன் களிம்பு.
• உட்பொருள்கள் அச்சிடப்படாத சிவப்பழகுக் களிம்புகள்: இவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் தாயின் சிறுநீரகத்தையும் கருவிலுள்ள குழந்தையின் மூளையையும் பாதிக்கும்.

மருத்துவர் ஆலோசனையுடன் பயன்படுத்தத் தக்கவை

அசெலாயிக் அமிலக் களிம்பு, பென்சாயில் பெராக்சைடு, கிளிண்டாமைசின் களிம்பு ஆகியவை பாதுகாப்பானவையாகக் கருதப்படுகின்றன. பூசும் மருந்துகள் குறைந்த அளவே இரத்தத்தில் கலக்கும். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், பொறுமை தேவை. மென்மையான சோப்பினால் நாள்தோறும் இருமுறை முகம் கழுவுவதும், பருவைக் கிள்ளாதிருப்பதும் உதவும். எலுமிச்சைச் சாறு, பற்பசை ஆகியவற்றைப் பூச வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும்.

முன்பே பயன்படுத்தியிருந்தால்

அம்மருந்தை உடனே நிறுத்துக. களிம்பை மட்டும் சில நாள் பூசியிருந்தால் அச்சம் கொள்ளத் தேவையில்லை. அடுத்த பரிசோதனையின்போது மறவாமல் தெரிவிக்கவும். ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொண்டிருந்தால் அன்றே மருத்துவரை அணுகவும். கருவைக் கலைப்பதென்றோ தொடர்வதென்றோ தாமே முடிவெடுக்க வேண்டாம். ஸ்கேன் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் பின்னரே அம்முடிவை எடுக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு

முகத்தில் பரு வந்ததைக் கேலி செய்வதும், குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கு அதனை அடையாளமாகக் கூறுவதும் தவறு. அத்தகைய பேச்சே பல பெண்களை மறைவாக மருந்து வாங்கத் தூண்டுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் வரும்போது, வீட்டிலுள்ள களிம்பு, மாத்திரை அனைத்தையும் அவரிடம் காட்டுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். தேவைப்பட்டால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

குழந்தை பிறந்தபின் பரு பெரும்பாலும் தானாகவே குறையும். தாய்ப்பால் ஊட்டும் காலத்திலும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். பிற மருந்துகளையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்கவும்.