சாய்ஸில் விட்ட சாய்ஸ்

பி.காம். படிப்பவனுக்கு கிரெடிட் என்ற வார்த்தை புதிதல்ல. பேரேட்டில் வலது பக்கம். பெறுபவர் பற்று, தருபவர் வரவு என்று பதினோராம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தாயிற்று. ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருந்தே ஆகணும். கல்லூரி தரும் கிரெடிட்டுக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆறாவது செமஸ்டருக்கு வந்த பிறகு லேசாகப் புரிகிறது.

முதலில் விதிகள். தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாண்டிக் குதிக்கலாம். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்று வருட டிகிரிக்கு வழக்கமாக 140 கிரெடிட். பார்ட் ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்றில் மேஜர், அலைடு, எலக்டிவ். பார்ட் நான்கில் சுற்றுச்சூழல், வேல்யூ எஜுகேஷன், வேறு துறையில் போய் எடுக்கும் நான்-மேஜர் எலக்டிவ் போன்ற சில்லறைகள். ஐந்தில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு. வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு செமஸ்டர் வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட், செய்முறை என்றால் இரண்டு மணி நேரம் என்பது யு.ஜி.சி. 2015-ல் கொடுத்த விளக்கம். சராசரி போடும்போது கிரெடிட்டால் பெருக்கணும். நாலு கிரெடிட் பேப்பரில் 60, ரெண்டு கிரெடிட் பேப்பரில் 90 என்றால் சராசரி 75 இல்லை, 70.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சாய்ஸ் பேஸ்டு கிரெடிட் சிஸ்டம். கிரெடிட் இருக்கிறது, சிஸ்டமும் இருக்கிறது. முதல் வார்த்தையைத்தான் காணோம்.

எங்கள் சிலபஸ் புத்தகத்தில் கடைசி செமஸ்டர் எலக்டிவ் என்ற தலைப்பின் கீழ் மூன்று பாடங்கள் அச்சாகியிருக்கின்றன. முதலீட்டு மேலாண்மை, மனிதவளம், தொழில்முனைவு. பங்குச்சந்தைப் பக்கம் போக ஆசைப்படுகிறவன் முதலாவதை எடுப்பான், அப்பாவின் மளிகைக் கடையைப் பெரிதாக்க நினைப்பவன் மூன்றாவதை எடுப்பான் என்றுதானே நினைப்போம்? பதிவுப் படிவம் கைக்கு வந்தபோது அதில் ஒரே ஒரு பாடம்தான், முன்கூட்டியே டைப் செய்யப்பட்டு இருந்தது. கையெழுத்து மட்டும் நம்முடையது. கேட்டால் "இந்த வருஷம் இதுக்குத்தான்பா ஸ்டாஃப் இருக்காங்க" என்று பதில். பரீட்சை, பொறுக்கியெடுப்பது ரெண்டுக்குமே தமிழில் தேர்வு என்றுதான் சொல்கிறோம். ரெண்டில் முதலாவது மட்டும் நமக்கு :-)

அந்தப் பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. யு.ஜி.சி. விதிப்படி ஒரு உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாக வகுப்பெடுக்கணும். எத்தனை ஆசிரியர் தேவை என்பதை இந்த மணிக்கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 60 பேர் உட்காரும் வகுப்புக்கும் 12 பேர் உட்காரும் வகுப்புக்கும் ஆசிரியரின் நேரம் ஒன்றுதான். ஒரு எலக்டிவை மூன்றாகப் பிரித்தால் அந்த இடத்தில் மும்மடங்கு மணி நேரம் வேண்டும். காலி இடங்களையே கெளரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும்போது யார் இதற்கு ஒத்துக்கொள்வார்கள்? காஸ்ட் அக்கவுண்டிங் படித்த நமக்கு இது புரியாத கணக்கில்லை. ஆனால் செலவைத் தாங்க முடியாது என்றால் அதைச் சொல்லிவிட்டு, விருப்பப் பாடம் என்ற பெயரையும் எடுத்துவிடலாம்.

கிரெடிட்டின் பூர்வீகமே வேடிக்கையானது. அமெரிக்காவில் 1869-ல் ஹார்வர்டு தலைவரான சார்லஸ் எலியட், மாணவர்களே பாடத்தைப் பொறுக்கிக்கொள்ளும் முறையை விரிவாக்கினார். ஆளுக்கொரு பாடம் என்றால் எதை வைத்துக் கூட்டுவது? ஒரு பொது அளவு தேவைப்பட்டது. அதை நாடு முழுக்கப் பரப்பியது 1900-களில் வந்த கார்னகி அறக்கட்டளை. பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க முன்வந்தவர்கள், தாங்கள் சொன்ன மணிக்கணக்கை ஏற்கும் கல்லூரிகளுக்குத்தான் என்று நிபந்தனை போட்டார்கள். பென்ஷன் ஆசையில் பரவிய அளவுகோல் இது. அங்கே சாய்ஸ் முதலில் வந்து, அதை எண்ண கிரெடிட் வந்தது. நாம் எண்ணுவதை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

எலக்டிவ் கிடைக்காததால் யாருக்கும் டிகிரி போவதில்லை. சில்லறைப் பேப்பரில் அரியர் விழுந்தால் போகிறது. அதுதான் என்னை உண்மையில் உறுத்துகிறது.

எங்களுக்கு முந்தைய செட்டில் ஒரு அண்ணன். மேஜரில் எல்லாமே 70-க்கு மேல். சுற்றுச்சூழல் பேப்பர், ரெண்டே கிரெடிட், அதில் அரியர். (இந்தப் பாடம் உச்ச நீதிமன்ற உத்தரவால் 2004-ல் எல்லா டிகிரிக்கும் கட்டாயமானது. நல்ல பாடம்தான், பாடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.) 140-ல் 138 அவர் கையில் இருந்தது, அதாவது 98.57 சதவீதம். ஏப்ரலில் போனால் அடுத்த பரீட்சை நவம்பரில். அதற்குள் எம்.காம். சேர்க்கை முடிந்துவிட்டது. ஒரு வருஷம் போச்சு. இதில் இன்னொரு கூத்து, பார்ட் நான்கின் மார்க்கை நம் ஊர்ப் பல பல்கலைக்கழகங்கள் கிளாஸ் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் கொடுக்க அதற்கு எடை போதாதாம், டிகிரியை நிறுத்தி வைக்க மட்டும் போதுமாம்!

"ஒழுங்காகப் படித்துப் பாஸ் பண்ண வேண்டியதுதானே" என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். பாஸ் பண்ணாதவனுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இறுதியாண்டில் ஒரே ஒரு பேப்பர் நின்றவர்களுக்கு ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே உடனடித் தேர்வு வைக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அதை எல்லோரும் வைக்கலாம். முந்தைய செமஸ்டர் அரியருக்கும் அது பொருந்தணும், இல்லாவிட்டால் அந்த அண்ணன் மாதிரி ஆட்களுக்குப் பிரயோஜனமில்லை.

எலக்டிவுக்கும் வழி இருக்கிறது. ஒரு செமஸ்டரில் நடத்தும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் தளத்தில் படிக்க 2021 விதிமுறை இடம் கொடுக்கிறது. பன்னிரண்டு பேர் கேட்கும் பாடத்துக்கு அது போதும். பரீட்சைத் தேதி மட்டும் நம் காலண்டரோடு ஒத்துப்போகிறதா என்று துறை முன்கூட்டியே பார்க்கணும். அதுவும் வேண்டாமா? ஷிஃப்ட் ஒன்று, ஷிஃப்ட் இரண்டு மாணவர்களைச் சேர்த்து ரெண்டு பாடமாவது நடத்தலாம். எல்லோரும் சுலபமான பாடத்துக்கே ஓடுவார்கள் என்று துறையில் பயப்படுகிறார்கள். சிலர் ஓடுவார்கள்தான். எல்லோரையும் ஒரே பாடத்தில் உட்கார வைத்தாலும் அவர்கள் கடைசி பெஞ்சில்தான் இருக்கப்போகிறார்கள்.

அடுத்த செட்டுக்கு, அதாவது இப்போது ரெண்டாவது வருஷம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஐந்தாவது செமஸ்டர் ஆரம்பித்த உடனே வகுப்பில் யாருக்கு எந்த எலக்டிவ் வேண்டும் என்று பெயர் எழுதி ஹெச்.ஓ.டி.யிடம் கொடுங்கள். நாங்கள் கேட்டபோது டைம்டேபிள் அச்சாகிவிட்டது.