தம்பிப் பள்ளம்

போன மாதம் ராசிபுரம் பக்கம் பைக்கில் போகும்போது ஒரு பள்ளம். சட்டென்று ஒடித்துத் தப்பித்தேன். பெருமையாக நிமிர்ந்தால், அடுத்த பள்ளத்தில் 'தொம்'! பின்னால் மனைவி, அவள் மடியில் முப்பது முட்டை. முழங்காலில் நாலு தையல் (அவளுக்கு). முட்டைக் கணக்கைக் கேட்காதீர்கள்.

''பள்ளம்னா ஜோடியாத்தானுங்க மாப்ள இருக்கும்'' என்றார் மச்சான். நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர்.

அதென்ன ஜோடி? குடைந்து பார்த்தேன். பள்ளத்தில் இறங்கி ஏறிய லாரி உடனே அடங்காது. லோடு பாடி ஸ்பிரிங் மேல் விநாடிக்கு இரண்டு, மூன்று தடவை குதிக்கும். அறுபது கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குப் பதினேழு மீட்டர். வகுத்தால் ஆறு முதல் எட்டு மீட்டரில் 'தொம்'மென்று உட்காருகிறது. வருகிற லாரிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே ஸ்பிரிங், ஒரே வேகம். அதனால் எல்லாம் அதே இடத்தில் உட்காருகின்றன. அங்கே பிறக்கிறான் தம்பி!

1958-60ல் அமெரிக்காவின் ஒட்டாவா என்ற ஊர்ப்பக்கம் இதற்கென்றே ரோடு போட்டு, ராணுவ டிரைவர்களை வைத்து ஓயாமல் லாரி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் சுமார் பதினாறு மடங்கு என்று தெரிந்தது. பத்து டன் அச்சு, குதித்து இறங்கும்போது பதின்மூன்று டன்னாக அழுத்தினால் சேதம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எடைமேடையில் நிற்கும் லாரி பரம சாது; ரசீதில் பத்துதான் வரும்.

2018-ல் நாலு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த வரம்பை 11.5 ஆக்கினார்கள். எடை எட்டில் ஒரு பங்குதான் கூடுதல். ரோட்டின் தேய்மானமோ அதே கணக்கில் அறுபது சதவீதம்! தேய்மானம் பி.காம்.காரன் சப்ஜெக்ட், சும்மா விட முடியுமா?

மச்சான் லாரியில் அதிக லோடு தாங்க இரண்டு ஸ்பிரிங் பட்டை சேர்த்திருக்கிறார். விறைப்பான ஸ்பிரிங் ரோட்டை இன்னும் பலமாகக் குத்தும் என்றேன்.

''கழட்டிடறேனுங்க மாப்ள. டியூவை நீங்க கட்டிடறீங்களா?''

பேச்சை மாற்றினேன்.

போன வாரம் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். ஜல்லியும் தாருமாக இரண்டு அங்குலம் மேடாக. லாரிகள் இப்போது அதில் ஏறிக் குதிக்கின்றன. வண்டியை நிறுத்தி நடந்து பார்த்தேன். பத்தாவது எட்டில் புதிதாக ஒரு விரிசல்.