இல்லப் பட்டறை: அசைய மறுத்த திருகாணி



என் தந்தையார் விட்டுச்சென்ற பொருள்களுள் பழைய அம்பாசிடர் கார் ஒன்றும் உண்டு. அவர் மறைந்தபின் மூன்று ஆண்டுகள் அது கொட்டகையிலேயே நின்றுவிட்டது. பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாம் என்றனர் சிலர். அம்மாவோ, "ஒருமுறையாவது அதில் ஏறிக் கோவிலுக்குப் போய்வர வேண்டும்" என்றார். ஆகவே அதனை ஓடச்செய்யும் பொறுப்பு எனக்கும் என் தங்கை மகனுக்கும் வந்து சேர்ந்தது. அம்முயற்சியில் ஒரு சிறு திருகாணி எங்களுக்குக் கற்பித்ததையே இத்திங்கள் எழுதுகிறேன். பழைய வண்டியைப் பேணிவரும் குடும்பங்களுக்கு இது பயன்படக்கூடும்.

1950-களின் இறுதியில் வெளிவரத் தொடங்கி, 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழிவந்தது. நெடுங்காலம் அதில் பொருத்தப்பட்ட 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர்கள் நான்கு, வால்வுகள் எட்டு. ஒவ்வொரு வால்வுக்கும் மேலே ஏற்றமரம் போல ஏறியிறங்கும் ராக்கர் ஒன்று உண்டு. அதன் ஒரு முனை வால்வை அழுத்தும். மறுமுனையிலுள்ள திருகாணி, கீழிருந்து வரும் புஷ் ராடின் குழியில் அமர்ந்திருக்கும். அத்திருகாணியைத் திருப்பியே ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே 0.015 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர், இடைவெளி வைக்கிறோம். பிறகு லாக் நட் அதனை அசையாமல் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சூடாக இருக்கையில் அளப்பதா, ஆறியபின் அளப்பதா என்பதற்கு வண்டியின் கையேடே சான்று.

இடைவெளி மிகுந்தால் 'டக் டக்' என்ற ஓசை எழும். அதனால் உடனே பெருங்கேடு விளையாது. இடைவெளி இல்லாமற் போனாலோ ஓசை எழாது. ஆனால் வால்வு முழுதும் மூடாது. புகை வெளியேறும் வால்வு, மூடி அமர்ந்திருக்கும்போதுதான் தன் வெப்பத்தைச் சிலிண்டர் ஹெட்டுக்கு விட்டுக் குளிர்கிறது. மூடாத வால்வு நாளடைவில் எரிந்துபோகும். ஆகவே, சத்தமிடும் வால்வைவிடச் சத்தமில்லாத வால்வையே அஞ்ச வேண்டும்.

எங்கள் வண்டியில், முன்னிருந்து எண்ணினால் எட்டாவது வால்வு அந்நிலையில் இருந்தது. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடும் நுழையவில்லை. லாக் நட் கழன்றது, திருகாணி அசையவில்லை. ஈரக்காற்றால் பிடித்த துருவும் பழைய எண்ணெயின் கசடும் மரைக்குள் இறுகியிருந்தன. மருமகன் முழு வலிமையுடன் திருகினான். திருப்புளி நழுவித் திருகாணியின் வெட்டில் ஒரு விளிம்பு உடைந்தது. "ராக்கர் முழுவதையும் கழற்றிவிடுவோம், மாமா" என்று ஸ்பேனரைக் கையில் எடுத்தான்.

அவ்வேளையில் வந்த முதிய மெக்கானிக் அண்ணாச்சி அவனைத் தடுத்தார். "தம்பி, அந்த நட்டுகளில் கைவைக்காதே! அவை ராக்கரை மட்டுமல்ல, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன" என்றார். அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும். குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள்ளும் எண்ணெய்க்குள்ளும் இறங்கும். கழற்றியே ஆகவேண்டுமானால், முதலில் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, ஹெட்டின் எல்லா நட்டுகளையும் முறைப்படி சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும் என்று விளக்கினார்.

பின்பு அவர் காட்டிய வழி எளியது. பிளக்குகளைக் கழற்றி, முதல் வால்வு முழுதும் திறந்து நிற்குமாறு எஞ்சினைச் சுழற்றச் செய்தார். இதற்கு ஒன்பதின் கணக்கு என்று பெயர். திறந்து நிற்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், அப்போது சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். அந்நிலையில் அத்திருகாணியின் மீது ஸ்பிரிங்கின் பாரம் மிகக் குறைவு. லாக் நட்டை முற்றிலும் நீக்கி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கசடைத் துடைத்து, மரையின் மேலும் கீழும் துருநீக்கி எண்ணெய் விட்டோம். அவர் சிறு சுத்தியலால் ராக்கரின் பக்கத்தை மெல்லத் தட்டினார்; அவ்வதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்குமாம். "இனி நாளை" என்று புறப்பட்டுவிட்டார்.

"தீ காட்டினால் உடனே இளகாதா?" என்று மருமகன் கேட்டான். "கார்புரேட்டரின் அருகில் தீயா? ராக்கரைத் தனியே கழற்றி, எண்ணெயைத் துடைத்த பின்னரே சூடு காட்டலாம். அப்போதும் சிவக்க விடலாகாது, வால்வைத் தொடும் அதன் கடின முகம் கெட்டுவிடும்" என்றார் அவர்.

காலையும் மாலையும் எண்ணெய் விட்டுத் தட்டினோம். மூன்றாம் நாள், வெட்டில் சரியாகப் பொருந்தும் அகன்ற திருப்புளியை வைத்து, அரைக்கால் சுற்றுக்கும் குறைவாக இடமும் வலமுமாக அண்ணாச்சி அசைத்தார். கிரீச்சென்ற ஒலியுடன் திருகாணி இளகியது. அது ஓரத்து ராக்கர் ஆதலால், தண்டின் முனையிலுள்ள பின்னை எடுத்து அதனை மட்டும் வெளியே இழுக்க முடிந்தது. விளிம்பு உடைந்த திருகாணிக்குப் பதில் புதியது இட்டோம். லாக் நட்டை இறுக்கும்போது திருகாணியும் உடன் திரும்பக்கூடும். ஆதலின் அதனைத் திருப்புளியால் பிடித்துக்கொண்டே இறுக்கி, இடைவெளியை மறுபடியும் அளந்தோம்.

அடுத்த ஞாயிறன்று அம்மா முன்னிருக்கையில் அமர்ந்து கோவிலுக்கு வந்தார். மருமகன் ஓட்டினான். உடைந்த அந்தத் திருகாணி இன்றும் அவன் மேசைமீது இருக்கிறது. இப்போது எது அசைய மறுத்தாலும், அவன் முதலில் எண்ணெய்க் குப்பியைத்தான் தேடுகிறான்.