வலிக்காத கட்டி

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதல் இடத்தில் இருப்பது மார்புப் புற்றுநோய். 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். பிறகு ஏன் இத்தனை சாவு?

கட்டி முதலில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுதான் ஆபத்து! "வலி இல்லையே, தானே கரைந்துவிடும்" என்று பெண்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள். கணவரிடம் சொல்லவும் கூச்சம். கட்டி உடைந்து புண்ணான பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்கள் பலர்.

கையால் சோதனை

மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1998-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 1½ லட்சம் ஏழைப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை மார்பைத் தொட்டுப் பார்த்துச் சோதித்தார்கள். சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள். பெண்ணிடம் பெண் காட்டுவதில் வெட்கம் ஏது?

2021-ல் முடிவு வெளியாயிற்று. 50 வயதைத் தாண்டிய பெண்களில், இந்த நோயால் சாகிறவர்கள் தொகை கிட்டத்தட்ட 100-க்கு 30 குறைந்திருந்தது. இளவயதினரிடம் அவ்வளவு பலன் தெரியவில்லை.

கட்டி என்றாலே புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. ஆனால் எது எப்படிப்பட்டது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டாலும், அதில் ரத்தம் கசிந்தாலும் உடனே காட்டவேண்டும். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்தச் சோதனை உண்டு.