சோதனை ஊரறிய நடக்கட்டும்!

தோழர்களே!

மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங், மஸ்ஜித் தானா வட்டாரங்களின் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் உங்களை அழைக்கிறோம். குடித்துவிட்டு மோட்டாரையும் காரையும் எடுப்பவர்களால் இனி ஒரு வீட்டிலும் சாவு விழக்கூடாது.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2020 அக்டோபர் 23 முதல், போதையில் ஓட்டி உயிரைப் பறித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை. 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மதுசாரம் என்றிருந்த வரம்பும் 22 ஆகிவிட்டது. ஆனால், கல்யாண மண்டபத்திலிருந்து தள்ளாடி வந்து சாவியைத் தேடுகிறவர் சிறையை நினைப்பதில்லை. “இந்த நேரத்தில் தோட்டத்து ரோட்டில் யார் நிற்கப்போகிறார்கள்?” என்றுதான் நினைக்கிறார். அந்தத் தைரியத்தைத்தான் உடைக்க வேண்டும்!

உடைக்க முடியும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பரில், எவரையும் நிறுத்தி ஊதச்சொல்லும் சோதனையைப் பெரும் விளம்பரத்தோடு தொடங்கியது. சாலை மரணங்கள் சட்டென்று குறைந்தன. பிரிட்டனிலும் 1967-இல் ஊதல் சோதனை வந்ததும் விபத்துகள் குறைந்தன. ஆனால் பிடிபடுவது அரிது என்று ஓட்டுநர்கள் கண்டுகொண்டதும் பயம் தெளிந்துவிட்டது. எனவே ஒருநாள் கூத்து போதாது.

நாம் கேட்பது இது: தீபாவளிக்கும் மாசி மகத்துக்கும் கல்யாண மாதங்களின் சனிக்கிழமை இரவுகளுக்கும் தோட்டத்துச் சந்திகளில் ரோட்பிளாக் வேண்டும். முகத்தையும் இனத்தையும் பார்க்காமல், வருகிற எல்லாரையும் நிறுத்த வேண்டும். சோதனை உண்டு என்பதை மின்னல் எஃப்எம்மிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் தமிழில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எந்தச் சந்தி என்பதை மட்டும் சொல்லக்கூடாது.

நமக்கும் கடமை உண்டு. ரோட்பிளாக் இருக்கும் இடத்தை வாட்சாப்பில் பரப்பாதீர்கள்; அந்தத் தகவலால் தப்பிப்பவர் அடுத்த வளைவில் நம் பிள்ளையை மோதலாம். விருந்து வைப்பவரே குடித்தவரின் சாவியை வாங்கி, வீடு சேர வழி செய்யட்டும்.

1947-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியலில் நின்றார்கள். போலீசின் அடியையும் தாங்கினார்கள். அவர்கள் வழிவந்த நாம் இன்று போலீசையே கடமைக்கு அழைக்கிறோம்.

ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் தோட்டத் தலைவரும் இந்த வாரமே கையெழுத்து திரட்டட்டும். மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் மாவட்டப் போலீஸ் தலைமையகங்களுக்கு மனுவோடு திரண்டு செல்வோம். சோதனை தொடங்கும் தேதியைக் கேட்டு வாங்குவோம்; தராவிட்டால் மறுபடியும் செல்வோம்!