மந்திரக் கதைகளும் நம் வீட்டு ஊகங்களும்

சென்ற மாதம் ஒருநாள் இஷா தொழுகை முடிந்து திருவேற்காட்டில் நம் பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தபோது, சகோதரர் ஒருவர் இமாமிடம் கவலையோடு ஒரு கேள்வி கேட்டார். பதினோராம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் எந்நேரமும் தலையணைப் பருமனில் ஆங்கில நாவல்களைப் படிக்கிறான். எல்லாவற்றிலும் மந்திரவாதிகள், மாயக்கோல்கள், டிராகன்கள். ஸிஹ்ர் எனும் சூனியம் பெரும்பாவம் ஆயிற்றே, இவற்றைப் படிப்பதே ஹராம் ஆகாதா, மகனின் ஈமான் கெட்டுவிடாதா என்பது அவருடைய அச்சம்.

இமாம் நிதானமாகவே விடை சொன்னார். சூனியம் செய்வதும், செய்விப்பதும், அதை நம்பி அதன் பின்னே செல்வதும் வேறு. கதையென்று தெரிந்தே ஒரு கதையைப் படிப்பது வேறு. ஆபாசமும் இணைவைப்பை மெச்சும் போக்கும் உள்ள நூல்களை விலக்குங்கள், தொழுகை நேரம் தவறாமல் பாருங்கள் என்றார். கூட்டம் கலைந்தது. நமக்கோ அந்தப் பேச்சு அங்கே முடிந்ததாகத் தோன்றவில்லை. அந்தச் சகோதரரின் அனுமதியோடு, இரண்டு நாள் கழித்து அவர் மகனிடம் பேசிப் பார்த்தோம்.

அவன் வெறுமனே படிக்கவில்லை. குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறான். கதையில் அடுத்து என்ன நிகழும், யார் யாருடைய மகன், யார் துரோகி என்று தான் ஊகிப்பவற்றை அதில் எழுதுகிறான். உலகெங்கும் இலட்சக்கணக்கான வாசகர்கள் இதைச் செய்கிறார்கள். ‘ஃபேன் தியரி’ என்று பெயர். அவன் விளக்கியபோதுதான் அதன் ஒழுங்கு நமக்குப் புரிந்தது.

ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் நூல் 2005 ஜூலையில் வெளிவந்தது. அதன் இறுதியில் ஒரு பதக்கத்தினுள் கடிதம் ஒன்று கிடைக்கிறது, கீழே ‘ஆர்.ஏ.பி.’ என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே. யார் அவர்? ஏழாம் நூல் வர இரண்டு ஆண்டுகள் இருந்தன. கதையில் போகிறபோக்கில் வந்து மறைந்த ரெகுலஸ் பிளாக் என்பவனாக இருக்கலாம் என்று சில வாசகர்கள் கருதினர். அத்தோடு நிற்கவில்லை. அதே நூலின் டச்சு மொழிபெயர்ப்பைத் தேடிப் பார்த்தனர். டச்சு நூல்களில் ‘பிளாக்’ குடும்பத்தின் பெயர் ‘ஸ்வார்ட்ஸ்’ என்று மாற்றப்பட்டிருந்தது. கடிதத்தின் கடைசி எழுத்தும் அதற்கேற்ப மாறியிருந்தது. நார்வே மொழிபெயர்ப்பிலும் அவ்வாறே. ஊகம் உறுதிப்பட்டது, 2007-இல் வந்த ஏழாம் நூல் அதையே சொன்னது. மூன்று எழுத்துகளுக்காக, தமக்குத் தெரியாத மொழியின் நூல்வரை சென்று சாட்சி தேடிய பிள்ளைகள் இவர்கள். நம் கைப்பேசிக்கு வரும் செய்திகளில் ஒன்றையேனும் இவ்வளவு தூரம் சென்று சரிபார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

மந்திரத்தைப் பற்றியும் கேட்டோம். பிராண்டன் சாண்டர்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றைச் சொன்னான். ஒரு மந்திரம் எப்படி இயங்குகிறது என்பதை வாசகன் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறானோ, அந்த அளவுக்கே அதைக்கொண்டு கதையின் சிக்கலை அவிழ்க்க ஆசிரியருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். அவருடைய நாவல் ஒன்றில் மாந்தர் உலோகத் துகள்களை விழுங்கி ஆற்றல் பெறுகிறார்கள். எந்த உலோகத்துக்கு எந்த ஆற்றல் என்பது வகுக்கப்பட்டிருக்கிறது, உலோகம் தீர்ந்தால் ஆற்றலும் தீரும். எனவே, ‘யாரோ மந்திரம் வைத்துவிட்டார்கள்’ என்று மட்டும் சொன்னால் அந்த வாசகர்கள் ஏற்கமாட்டார்கள். எவர், எப்படி, எதைக்கொண்டு என்று கேட்பார்கள். இந்த இடத்தில் நாம் சற்றே நெளிந்தோம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

மாயக்கதை நம் சமூகத்துக்குப் புதியதும் அன்று. அமீர் ஹம்ஸாவின் பெயரால் விரிந்த உருதுக் கதைகளில் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ முழுக்க முழுக்க மாய உலகம். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் அதைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. எழுதியவர்கள் முஹம்மத் ஹுசைன் ஜாஹும் அஹ்மத் ஹுசைன் கமரும். கேட்டு மகிழ்ந்தவர்களில் பெரும்பகுதியினர் தொழுகையாளிகளே.

ஊகத்தின் சுவையை அறிய நாம் டிராகன்களிடம் போகவும் வேண்டியதில்லை. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வந்தபோது, அடுத்த இதழுக்காகக் காத்திருந்த வீடுகளில் முஸ்லிம் வீடுகளும் இருந்தன. நந்தினி யார் மகள்? கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த அந்த இருளில் ஆதித்த கரிகாலன் எவர் கையால் மடிந்தான்? எழுபது ஆண்டுகள் கழித்தும், 2022-லும் 2023-லும் திரைப்படங்கள் வந்தபோது தேநீர்க் கடைகளில் அதே வாதம் புதிதாகத் தொடங்கியது. தொடர் முடிந்தபின் வாசகர்களின் வினாக்களுக்காக முடிவுரை ஒன்று எழுத நேர்ந்த கல்கியும், இந்த ஒரு முடிச்சை முழுவதுமாக அவிழ்க்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. ரெகுலஸ் பிளாக் பிறந்தவனும் அல்லன், இறந்தவனும் அல்லன். அவன்மேல் என்ன பழி சுமத்தினாலும் யாருக்கும் நோவு இல்லை. ஆதித்த கரிகாலன் மெய்யாக வாழ்ந்து, மெய்யாகக் கொல்லப்பட்டவன். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் முதலாம் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது பெயர் சொல்கிறது. அவர்களின் உறவினர் நிலமும் பறிக்கப்பட்டதையும் சொல்கிறது. (ஒருவர் பாவத்தை மற்றவர் சுமக்கமாட்டார் என்று ஓதும் நமக்கு அந்த இரண்டாம் செய்தி உறுத்தத்தான் செய்யும்.) ஏன் கொன்றார்கள், பின்னே எவரேனும் நின்றார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் ஊகங்கள் குடியேறின. அடுத்து அரியணை ஏறியவர் உத்தம சோழர். கொலையால் பயன் பெற்றவர் அவரே. ஆகவே அவருக்குத் தொடர்பு இருந்திருக்கும் என்று ஐயுற்றார் வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜனின் ஆட்சியில் மதிப்பான பொறுப்பில் இருந்தார். தமையனைக் கொல்வித்தவரின் மகனை அப்படி யாரேனும் வைத்துக்கொள்வார்களா என்ற வாதம் நமக்கும் வலுவானதாகவே படுகிறது.

இதில் கல்கி செய்ததை நாம் இதுவரை சரியாகக் கவனித்ததில்லை என்றே சொல்லவேண்டும். அவர் நாவலில் அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதிகாரரோடு சேரும் மதுராந்தகன் உண்மையான மதுராந்தகனே அல்லன். தஞ்சையில் பூத்தொடுத்துக் கோயிற்பணி செய்யும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் மகன்; அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். கதைப்போக்கில் அதுதான் பெரிய திருப்பம். ஆளைக் குழந்தைப் பருவத்திலேயே மாற்றி வைப்பது பழைய உத்திதான். ஆயினும் அதன் பயனைப் பாருங்கள். ஆதாரம் இல்லாத இடத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு மனிதர்மேல் பழி விழாதபடி நாவலாசிரியர் வழி செய்துவிட்டார். இன்று கைப்பேசித் திரையில் பத்து நிமிடத்தில் ‘கொலையாளி இவரே’ என்று தீர்ப்பளிப்போரிடம் அந்தத் தயக்கம் இல்லை.

நாம் அஞ்சுவது இதற்குத்தான். ஊகிப்பது மனத்தின் இயல்பு. கதைமாந்தரைப் பற்றி ஊகிக்கும்போது அதற்கு ஒரு கரை இருக்கிறது: நூல் இருக்கிறது, விதிகள் இருக்கின்றன, ஆசிரியரின் கடைசி அத்தியாயம் வந்து ‘நீ நினைத்தது தவறு’ என்று சொல்லிவிடுகிறது. டம்பிள்டோரை ஸ்னேப் கொன்றதைக் கதாநாயகனே கண்ணால் கண்டான். வாசகர்கள் இரண்டு ஆண்டுகள் ஸ்னேப்பைத் தூற்றினார்கள். ஏழாம் நூல் வந்து, கொல்லுமாறு கேட்டவரே டம்பிள்டோர்தான் என்றபோது வெட்கப்பட்டுத் திருந்தினார்கள். அண்டை வீட்டாரைப் பற்றி நாம் கட்டும் கதைக்கு அந்த ஏழாம் நூல் இம்மையில் வருவதில்லை.

மதீனாவில் நடந்ததை நாம் அறிவோம். பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது உண்மை. அதைத் தேடிச் சென்றவர் படையைத் தவறவிட்டு, ஸஃப்வான் (ரலி) அவர்களின் ஒட்டகத்தில் வந்து சேர்ந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு இடையே ஒரு பொய்க்கதையை நெய்வது நயவஞ்சகருக்கு எளிதாக இருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் அந்தக் கதை ஊரில் உலவியது. நல்லவர் சிலரின் நாவிலும் ஏறியது. அல்லாஹ் சூரா அந்நூரில் வசனங்களை இறக்கி அன்னையின் தூய்மையை அறிவித்தான். அந்த ஒருவருக்கு வஹீ வந்தது. நம் தெருப் பெண்களுக்கு வராது.

இப்போது நாம் நெளிந்த கதைக்கு வருவோம். மகனின் மந்திர நாவல்களைப் பற்றிக் கேள்வி கேட்ட அதே சகோதரர், தம் உடன்பிறந்த அண்ணனோடு இரண்டு ஆண்டுகளாக ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. பெயர் வேண்டா, ஜமாஅத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மின்சாதனக் கடையில் வியாபாரம் படுத்தது. ஒருநாள் காலை கடையின் ஷட்டர் ஓரம் குங்குமம் தடவிய, பிளந்த எலுமிச்சம்பழம் கிடந்தது. வெளியூரிலிருந்து ஒருவரை அழைத்துவந்து பால் கிதாபு பார்த்தார்கள். ‘நெருங்கிய உறவில் ஒரு பெண், மனத்தில் பொறாமை’ என்றார் அவர். எந்த வீட்டில்தான் நெருங்கிய உறவில் ஒரு பெண் இல்லை? அண்ணன் மனைவிதான் சூனியம் வைத்தார் என்று முடிவாயிற்று. அந்த அம்மையார் அதற்குப்பின் உறவுத் திருமணங்களுக்கே வருவதில்லை.

அழிவைத் தரும் ஏழு பெரும்பாவங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இணைவைப்புக்கு அடுத்து இரண்டாவதாக வருவது சூனியம். மகன் கையில் இருந்த நாவலைக் கண்டு அச்சகோதரர் நடுங்கியது அந்த இரண்டாவதை நினைத்து. அதே பட்டியலின் ஏழாவது, ஏதுமறியா நம்பிக்கையாளரான பெண்கள்மீது அவதூறு சொல்வது. கற்பைப் பற்றிய பழியே அங்கு நேராகக் குறிக்கப்படுவது. சூனியப் பழி அந்த வரையறைக்குள் அப்படியே அடங்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் சாட்சி ஒருவரும் இல்லாமல் ஒரு முஸ்லிம் பெண்ணை அந்த இரண்டாவது பாவத்துக்கு உரியவர் என்று சொல்வது எத்தகைய சொல்? ஊகங்களில் பலவற்றைத் தவிர்க்கவும், துருவி ஆராயாதிருக்கவும் சூரா அல்ஹுஜுராத் கட்டளையிடுவது யாருக்கு? குறிசொல்பவரிடம் சென்று கேட்டவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற ஹதீஸைப் பால் கிதாபு பார்த்த அன்று நினைவூட்ட நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜமாஅத்தாரான நமக்கும் அதில் பங்கு உண்டு.

அந்தப் பிள்ளையிடம் இதை நாமாக எடுக்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டும்போது அவனே சொன்னான். ஒவ்வொரு ஊகத்துக்கும் எதிரே ஒரு கட்டம் வைத்திருக்கிறான்: ‘இது தவறென்றால் எதைக்கொண்டு தெரியும்?’ பெரியம்மாவின் விஷயத்தையும் ஒருநாள் அப்படி எழுதிப் பார்த்தானாம். அது கருமாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழி. புது வண்டி வாங்கியவர்கள் பூசை போட்டு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். அது அவர்கள் வழக்கம், யாருக்கும் கேடு நினைத்துச் செய்வதன்று. அந்த வாரம் பக்கத்துக் கடைக்காரர் புதிதாக ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். வியாபாரம் படுத்த மாதங்களிலோ சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்; கடை வாசலில் வண்டி நிறுத்த இடமே இல்லை.

“அத்தாகிட்ட சொன்னியா?” என்று கேட்டோம்.

“சொன்னேன். கதைப்புத்தகம் படிச்சு உனக்கு ஈமான் போச்சுன்னாரு.”

பக்கத்துக் கடைக்காரர் இன்றும் அதே இடத்தில்தான் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய்க் கேட்க ஐந்து நிமிடம் ஆகாது. வரும் ஜுமுஆவுக்குப் பின் நம்மில் இருவர் அச்சகோதரரை அழைத்துக்கொண்டு அங்கே போவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.